பன்றிக்கு வயிறு கெட்டால்: எங்கிருந்து பார்ப்பது, எப்போது டாக்டரைக் கூப்பிடுவது

வெண்பன்றி வளர்ப்பவர்களிடமிருந்து வரும் போன்களில் பாதிக்கு மேல் இதுதான்: “அண்ணே, கழியுது, என்ன மருந்து போடலாம்?” நான் பதிலுக்குக் கேட்பது இரண்டே கேள்வி. காய்ச்சல் எவ்வளவு இருக்கிறது? நேற்று வாளியில் என்ன ஊற்றினீர்கள்? பெரும்பாலும் இரண்டுக்குமே பதில் இருக்காது. அந்தப் பதில் இல்லாமல் போடும் ஊசியும் மாத்திரையும் வீண் செலவுதான். பல நேரம் உண்மையான நோயை இரண்டு நாள் மூடி மறைத்துவிடவும் செய்யும்.

பத்துப் பதினைந்து உருப்படி வைத்துக்கொண்டு, ஓட்டல் கழிவு, தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோளம், கொஞ்சம் கலப்புத் தீவனம் என்று ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பன்றியிடம் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த நான்கு

தெர்மாமீட்டர். மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். பின்பக்கத்தில் ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். நுனியில் எண்ணெய் தடவி, பன்றி படுத்திருக்கும்போதோ தொட்டியில் தின்னும்போதோ ஆசனவாயில் நுழைத்து, உள்சுவரில் படும்படி பீப் சத்தம் வரும்வரை பிடியுங்கள். விரட்டிப் பிடித்து அளந்தால் கணக்கு தப்பும். வளர்ந்த பன்றிக்கு 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. குட்டிகளுக்குச் சற்றுக் கூட இருக்கும். நிழலில் படுத்திருக்கும் பன்றிக்கு 104-ஐத் தாண்டினால் காய்ச்சல். சித்திரை வெயிலில் மதியம் அளந்து பயப்பட வேண்டாம். விடியற்காலையில் அளவெடுங்கள்.

தண்ணீர். பன்றி குடிக்கும் குழாய் முனையான நிப்பிளை அழுத்தி ஒரு நிமிடம் சொம்பில் பிடித்துப் பாருங்கள். வளரும் பன்றிக்கு 1 லிட்டர், பால் கொடுக்கும் தாய்க்கு 2 லிட்டர், பால் மறந்த குட்டிக்கு அரை லிட்டராவது வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டியில் மண் அடைத்திருக்கும். சிமெண்ட் ஷீட் கூரைமேல் கறுப்புக் குழாய் ஓடுகிறதா? கோடையில் மதியம் அதில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். நம் கையே தாங்காத சூட்டில் பன்றி எப்படிக் குடிக்கும்?

வாளி. நேற்றும் முந்தாநாளும் என்ன போட்டீர்கள், அதில் எது புதுசு? புது மூட்டை, புது ஓட்டல், வேறு கடைத் தவிடு என்று எல்லாமே கணக்கில் சேரும்.

எத்தனை உருப்படிக்கு? ஒன்றுக்கு மட்டும் என்றால் அந்தப் பன்றியைப் பாருங்கள். ஒரு கொட்டிலில் இருக்கும் எல்லாவற்றுக்கும் என்றால் தீவனத்தையும் தண்ணீரையும் பாருங்கள். ஒன்றில் தொடங்கி நாளுக்கு நாள் அடுத்த கொட்டிலுக்கும் பரவுகிறது என்றால் தொற்றுநோயை நினையுங்கள்.

அறிகுறி 1: வளர்ந்த பன்றிகளுக்குக் கழிச்சல்

*காய்ச்சல் இல்லை, தின்கிறது, சாணம் மட்டும் கூழாகப் போகிறது*

பத்துக்கு எட்டு இந்த வகைதான். காரணம் வாளியில் இருக்கிறது. கழிவு போட்டு வளர்ப்பவர்கள் முகூர்த்த நாள் காலண்டரை ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் மண்டபம் பூட்டிக் கிடக்கும், ஓட்டல் சோறும் சாம்பாரும் மட்டும் வரும். தை பிறந்ததும் ஒரே நாளில் பாயசம், ஜாங்கிரி, வடை, எண்ணெய் மிதக்கும் குருமா என்று டிரம் டிரம்மாக வந்து இறங்கும். வீணாகப் போகிறதே என்று அத்தனையையும் அன்றே ஊற்றினால் மறுநாள் காலை கொட்டில் முழுக்கக் கழிச்சல். புரட்டாசி முடிந்து கறிக்கடைச் சாப்பாடு திரும்ப வரும் வாரத்திலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது: இன்றைக்குத் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். இனிப்பு, எண்ணெய் அயிட்டங்களை நிறுத்திவிட்டு, கோதுமைத் தவிடும் வெந்த சோறும் கலந்து இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. “கழியுதே, தண்ணி காட்டாதே” என்று ஊரில் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டிய அளவு. இதைத் தனித் தொட்டியில் வையுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். ஒன்றிரண்டு நாளில் சாணம் கட்டிவிடும்.

இனிமேல் எந்தத் தீவனத்தை மாற்றினாலும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுசு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், அப்புறம் முழுதும்.

வாளியில் மாற்றமே இல்லை என்றால் அடுத்து அதன் பழமையைப் பாருங்கள். நேற்றைய மிச்சத்தின்மேல் இன்றையதை ஊற்றுகிறீர்களா? தொட்டியின் மூலையில் விரலால் சுரண்டி முகர்ந்து பாருங்கள். புளித்த நெடி மூக்கில் ஏறினால் காரணம் அதுதான். தொட்டியைத் தினம் ஒருமுறை காலி செய்து, தேய்த்துக் கழுவி, காயவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பி மலிவாகக் கிடைக்கும். ஈரத் திப்பி ஒரே நாளில் புளித்துவிடும். வாங்கினால் வெயிலில் காயவைத்து, மற்றத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். புரதம் மிகக் குறைவு என்பதால் அதை மட்டுமே நம்பி வளர்க்க முடியாது.

*சாணத்தில் சளியும் ரத்தமும்*

இரண்டு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வளரும் பன்றிகளில் சாம்பல் நிறக் கூழாகத் தொடங்கி, சளி கலந்து, பிறகு ரத்தத் திட்டுகள் வந்தால் ரத்தக் கழிச்சல், சாட்டைப் புழு, சால்மொனெல்லா கிருமி என்று பல காரணம் இருக்கலாம். வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சுத்தமான பாட்டிலில் புதிய சாணத்தை எடுத்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். சாட்டைப் புழு என்றால் குடற்புழு மருந்திலேயே முடிந்துவிடும். மற்றவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். அதற்குள் பாதித்த பன்றியைத் தனியே ஒதுக்குங்கள். அந்தக் கொட்டிலுக்குத் தனிச் செருப்பு, தனி மண்வெட்டி. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மொனெல்லா நமக்கும் ஒட்டும்.

*கழிச்சலோடு காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் சிவப்பு அல்லது ஊதா நிறம்*

இங்கே வீட்டு வைத்தியம் நின்றுவிடுகிறது. காய்ச்சல் 105-க்கு மேல், தீவனத்தைத் தொடவில்லை, ஒன்றன்மேல் ஒன்று குவிந்து படுக்கின்றன, காது நுனி, வயிறு, தொடையின் உள்பக்கம் நிறம் மாறியிருக்கிறது என்றால் பன்றிக் காய்ச்சலாகவோ ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். முன்னதற்குத் தடுப்பூசி உண்டு. குட்டிகளுக்கு இரண்டு மாத வயதையொட்டிப் போட்டு, பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். பின்னதற்கு மருந்து கிடையாது. 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நாட்டில் முதன்முதலாகத் தெரிந்த இந்த நோய், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் உறுதியானது. மனிதருக்கு வராது. ஆனால் கொட்டிலைக் காலி செய்துவிடும்.

உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962-க்கு அடித்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். அதுவரை ஒரு பன்றியைக்கூட வெளியே விற்காதீர்கள், உள்ளே வாங்காதீர்கள். “சாகறதுக்குள்ள வித்துடலாம்” என்று வியாபாரியைக் கூப்பிடுவதுதான் இந்த நோயை ஊர் ஊராகக் கொண்டு போகிறது.

அறிகுறி 2: பால்குடிக் குட்டிகளுக்குக் கழிச்சல்

இங்கே குட்டியின் வயதைக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது. குட்டி உடம்பில் தண்ணீர் சேமிப்பே இல்லை, காலையில் கழிந்தது சாயங்காலம் செத்துப் போகும். அதனால் வளர்ந்த பன்றிக்குக் கொடுக்கிற “ஒரு நாள் பார்க்கலாம்” என்ற அவகாசம் குட்டிக்குக் கிடையாது.

*பிறந்த 1 முதல் 4 நாள்: மஞ்சளாக, தண்ணீராக, வால் ஈரம்*

முதலில் குட்டிகள் படுத்திருக்கும் விதத்தைக் கொட்டிலுக்கு வெளியே நின்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தால் குளிர். சூட்டுக்காகக் கட்டிய பல்பை விட்டு விலகி மூலைக்கு மூலை சிதறிக் கிடந்தால் சூடு அதிகம். பல்புக்கு அடியில் பக்கவாட்டில் சாய்ந்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வரிசையாகக் கிடந்தால் சரியான சூடு. முதல் வாரத்தில் அந்த மூலையில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். தாய்க்கு அந்தச் சூடு ஆகாது, அதனால் குட்டிகளுக்கென்று ஒரு மூலையைச் சாக்கோ பலகையோ வைத்து மறைத்து, காய்ந்த வைக்கோல் போட்டு, பல்பைத் தாழ்வாகக் கட்டுங்கள். ஒயரைத் தாயின் வாய்க்கு எட்டாமல் கட்ட வேண்டும். ஈரமான சிமெண்ட் தரையில் படுத்த குட்டிக்கு எந்த மருந்தும் பலிக்காது.

அடுத்து தாயின் மடி. கையை வைத்துப் பாருங்கள். சூடாக, கல்லாக இருந்தால், தாய் குப்புறப் படுத்து மடியை மறைத்துக்கொண்டால், பால் இறங்கவில்லை. கழிச்சலுக்கு மருந்து குட்டிக்கு மட்டும் கொடுத்து என்ன பயன்? தாய்க்கு அன்றே டாக்டர் ஊசி வேண்டும். சீம்பால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டிக்கும் கிடைத்ததா என்பதும் முக்கியம். பின்னால் பிறந்த சவலைக் குட்டிகள் முண்டியடிக்க முடியாமல் விட்டுவிடும். அடுத்த ஈற்றில் அவற்றைக் கையால் எடுத்து முன்காம்புகளில் விடுங்கள்.

குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். பால் நிற்கக் கூடாது. இடையிடையே ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாகத் தட்டில் வையுங்கள். குடிக்கத் தெரியாத குட்டிக்கு ஊசியில்லாத சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

முதல் மூன்று நாளில் சாணம் ரத்தச் சிவப்பாகப் போனால் தேடவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். நேராக டாக்டர்தான்.

*1 முதல் 2 வாரம்: மஞ்சள் களிம்பு போல, புளித்த பால் வாடை*

குட்டி தின்கிறது, ஆனால் உடம்பு பிசுபிசுவென்று அழுக்காகி, ரோமம் சிலிர்த்து நிற்கிறது. போட்ட ஆன்டிபயாடிக் எதற்கும் கேட்கவில்லை. ஈற்றுக்கு ஈற்று அதே கொட்டிலில் அதே வயதில் வருகிறது. இப்படி இருந்தால் ரத்தக் கழிச்சல் நோய்க்குக் கோழிகளில் பேர்போன காக்சிடியாவின் பன்றி வகையைச் சந்தேகியுங்கள். பன்றிக்குட்டியில் ரத்தம் வராது, மஞ்சள் களிம்பாகத்தான் வரும். இதற்குத் தனி மருந்து டாக்டரிடம் உண்டு. ஃபினாயிலுக்கு இது சாகாது. தாயையும் குட்டிகளையும் மாற்றிவிட்டு, சாணத்தைச் சுரண்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, தரை முழுக்கக் காயும்வரை காலியாக விட வேண்டும்.

இந்த வயதில் குட்டி வெளுத்துப் போய், காதை வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பே இல்லாமல், பாலைக் குடித்தும் மூச்சு வாங்கினால் இரும்புச் சத்து போடவில்லை என்று அர்த்தம். சிமெண்ட் தரையில் பிறக்கும் குட்டிக்கு மண்ணிலிருந்து இரும்பு கிடைக்காது; பாலிலும் போதாது. 3 அல்லது 4-ஆம் நாள் ஒரு ஊசி, இரண்டு வாரத்தில் இன்னொன்று. அளவை மருந்தின் வீரியம் பார்த்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*3 வாரத்துக்கு மேல்: வெள்ளையாக, கூழாக*

பெரும்பாலும் குட்டிகள் தாயின் தொட்டியில் வாய் வைக்கத் தொடங்கியிருக்கும். தாய்த் தொட்டியை உயர்த்துங்கள். குட்டிகளுக்கு மட்டும் எட்டும் இடத்தில் நல்ல குட்டித் தீவனத்தைக் கைப்பிடியாகப் போட்டு, மிச்சத்தைத் தினம் எடுத்துவிடுங்கள்.

*எந்த வயதானாலும்: ஒரே நாளில் எல்லா ஈற்றுக் குட்டிகளுக்கும், தாய்களுக்கும் சேர்த்து வாந்தியும் கழிச்சலும்*

இது வைரஸ் கழிச்சலின் போக்கு. பண்ணைக்குள் யாரையும் விடாமல், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குட்டிக் கழிச்சலுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பொடி கொடுக்கும் பழக்கம் பல இடத்தில் இருந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதை 2019-லேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது. பழைய டப்பா இருந்தாலும் எடுக்காதீர்கள். நமக்கு வாங்கிய கழிச்சல் நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம். வெளியேற வேண்டியதை அது உள்ளேயே நிறுத்திவைக்கும்.

அறிகுறி 3: பால் மறந்த முதல் இரண்டு வாரத்தில் கழிச்சல்

தாயைப் பிரித்து, இடத்தை மாற்றி, தீவனத்தையும் மாற்றி, வேறு ஈற்றுக் குட்டிகளோடும் சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் வயிறு கெடும். தாயை வெளியேற்றிவிட்டுக் குட்டிகளை அதே கொட்டிலில் ஒரு வாரம் விடுங்கள். அதே தீவனம் தொடரட்டும். முதல் இரண்டு மூன்று நாள் நாலைந்து வேளையாகப் பிரித்து, வயிறு முட்டாமல் கொடுங்கள். எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் நின்று தின்ன இடம் வேண்டும். இல்லாவிட்டால் வலுத்தது திணித்துக்கொள்ளும், இளைத்தது பட்டினி கிடந்து அடுத்த வேளை அள்ளி விழுங்கும்.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். இருப்பதிலேயே கொழுத்த குட்டி திடீரென்று தள்ளாடி, இமை வீங்கி, குரல் கம்மிக் கத்தினால் அது நீர்க்கோவை நோய். ஒரே நாளில் சாகும். அந்தக் குட்டியைக் காப்பாற்றுவது கடினம். மற்றக் குட்டிகளுக்காக டாக்டரைக் கூப்பிட்டு, அவர் வரும்வரை தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

அறிகுறி 4: மலச்சிக்கல்

சினைப் பன்றி ஈனும் வாரத்தில் சாணம் ஆட்டுப் புழுக்கையாக வந்தால் உஷாராகுங்கள். சிக்கல் முற்றினால் மடி வீங்கும், பால் இறங்காது, அப்புறம் குட்டிக் கழிச்சல் தொடங்கும். முதல் காரணம் தண்ணீர். பால் கொடுக்கும் தாய் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேலும் குடிக்கும். தொட்டியில் ஊற்றிக் காட்டுபவர்கள் அதை அளந்தே ஊற்ற வேண்டும். இரண்டாவது நார்ச்சத்து. ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தீவனத்தில் கால் பங்கு கோதுமைத் தவிடாக்குங்கள். வேலிமசால், அகத்தி, கீரைக் கழிவு கொஞ்சம் கொடுங்கள். தினம் பத்து நிமிடம் எழுப்பி நடக்க விடுங்கள். இரண்டு நாளாகியும் இளகாவிட்டால் பெரிய பன்றிக்கு ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பைத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாம்.

எண்ணெயோ கஷாயமோ வாயைப் பிளந்து ஊற்றவே ஊற்றாதீர்கள். கத்துகிற பன்றிக்கு ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். மலச்சிக்கலில் பிழைத்திருக்க வேண்டிய பன்றி மூச்சுத் திணறிச் செத்துப்போகும். குடிக்க வைக்க வேண்டியதைத் தீவனத்திலோ கருப்பட்டித் தண்ணீரிலோ கலந்து, தானாகக் குடிக்க விடுங்கள்.

மலச்சிக்கலோடு காய்ச்சல் இருந்தால் இந்தப் பகுதியை விடுங்கள். பன்றிக் காய்ச்சல் பல நேரம் சிக்கலில் தொடங்கித்தான் கழிச்சலுக்குப் போகும். அறிகுறி 1-இன் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

பிறந்து இரண்டு நாளாகியும் குட்டி சாணமே போடாமல் வயிறு உப்பினால், வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனத் துவாரமே இல்லாமல் பிறப்பது உண்டு. அந்தத் தாய்க்கும் கிடாவுக்கும் மறுபடி இணை சேர்க்காதீர்கள்.

அறிகுறி 5: தொட்டிக்கு வருகிறது, முகர்கிறது, திரும்பிவிடுகிறது, அல்லது தின்றதும் வாந்தி

எல்லாப் பன்றியும் இப்படிச் செய்தால் மக்காச்சோள மூட்டையைத் திறந்து, அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுங்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் பூஞ்சை தெரிகிறதா? கையில் கட்டியாக வருகிறதா? ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். கடக்கென்று உடைய வேண்டும். பல்லில் அமுங்கினால் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரையில் அடுக்கிய மூட்டை எல்லாம் இப்படித்தான் கெடும். பெட்டைக் குட்டிகளின் பிறப்புறுப்பு காரணமில்லாமல் சிவந்து வீங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், பூஞ்சண நச்சுதான்.

அந்த மூட்டையை முழுதாக நிறுத்துங்கள். வேகவைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் நச்சு போகாது. சினைப் பன்றிக்கு ஒரு பிடிகூடக் கொடுக்கக் கூடாது. இனி மூட்டைகளைக் கட்டையின்மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

ஒரே ஒரு பன்றி மட்டும் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கலாம். ஓட்டல் கழிவில் பாலித்தீன் பை, பல்குச்சி, ரப்பர் பேண்ட், கோழி எலும்பு எல்லாம் வரும். கொதிக்க வைப்பதற்கு முன் கையுறை போட்டுக் கிளறிப் பொறுக்குவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் டாக்டர்.

கோடையில் காய்ச்சலும் இல்லை, தீவனமும் நன்றாக இருக்கிறது, ஆனால் தின்னவில்லை என்றால் அது வெயில். பன்றிக்கு வியர்க்காது. பெரிய வேளையை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்றுங்கள். மதியம் உடம்பில் தண்ணீர் தெளியுங்கள்.

அறிகுறி 6: சுவரில் தலையை முட்டுகிறது, வட்டமடிக்கிறது, நாய் போல உட்கார்ந்து பின்னால் சாய்ந்து வலிப்பு வருகிறது

பார்த்தால் மூளைக் காய்ச்சல் போலிருக்கும். ஆனால் கழிவு போட்டு வளர்க்கும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது: நேற்றோ முந்தாநாளோ தண்ணீர் நின்றதா? மோட்டார் எரிந்து போயிருக்கும், கரண்ட் இல்லாமல் டேங்க் காலியாகியிருக்கும். அதே சமயம் வாளியில் ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு, மீன்கடைக் கழிவு. உப்புக்குத் தண்ணீர் கிடைக்காமல் போனால் பன்றிக்கு அதுவே விஷம்.

இங்கே எல்லோருக்கும் தோன்றுவது, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுவது. அப்படிச் செய்தால் மூளை வீங்கி நிலைமை இன்னும் மோசமாகும். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வலிப்பு இல்லாத மற்றப் பன்றிகளுக்கும் அப்படித்தான். வலிப்பு வந்த பன்றிக்கு உடனே டாக்டர் வேண்டும். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

கழிவை நன்றாகக் கொதிக்க வைக்கிறேனே என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். உப்பு அப்படியேதான் இருக்கும், தண்ணீர் வற்றினால் இன்னும் கூடும். ஊறுகாய் வாளியைத் தனியாகவே வாங்கி, குழியில் கொட்டிவிடுங்கள்.

தின்ற அரை மணியில் மூச்சு வாங்கி, நடுங்கி, விழுந்தால் அது வேறு. பச்சை மரவள்ளித் தோலோ இலையோ தின்றிருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருக்கும் சயனைடு சட்டென்று வேலை செய்யும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி, சிறு துண்டாக்கி, வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டோ, வெயிலில் நன்றாகக் காயவைத்தோதான் கொடுக்க வேண்டும்.

அறிகுறி 7: வயிறு திடீரென்று உப்பிவிட்டது

புளித்துப் பொங்கிய கழிவு, நாள் முழுக்கப் பட்டினி போட்டுவிட்டு இரவில் மொத்தமாகக் கொட்டும் தீவனம், இவை இரண்டும்தான் வழக்கமான காரணம். லேசான உப்புசம் என்றால் தீவனத்தை நிறுத்தி, எழுப்பி மெதுவாக நடக்க விடுங்கள். வயிறு முரசு போல இறுகி, பன்றி எழ முடியாமல், தோல் வெளுத்துக்கொண்டே வந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். நம் கையில் ஒன்றுமில்லை. டாக்டர் வருவதற்குள்ளேயே முடிந்துவிடும் சந்தர்ப்பமும் உண்டு. நேரம் தவறாமல் தினம் இரண்டு மூன்று வேளை கொடுத்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அறிகுறி 8: தார் போலக் கறுப்புச் சாணம்

பன்றி வெளுத்து, பல்லை நறநறக்கும். இரைப்பையில் புண் ஆகி ரத்தம் கசிகிறது. அரவை மில்லில் மாவாக அரைத்த தீவனம் ஒரு முக்கியக் காரணம். சல்லடையை மாற்றி, ரவைப் பதமாக அரைக்கச் சொல்லுங்கள். சாணம் கறுத்த பன்றியை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

அறிகுறி 9: ஆசனவாய் சிவப்பாக வெளியே தள்ளிவிட்டது

முதல் வேலை, அந்தப் பன்றியைத் தனியே பிரிப்பது. மற்றவை கடித்துக் குதறிவிடும். உப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான ஈரத் துணி சுற்றி, டாக்டரைக் கூப்பிடுங்கள். உள்ளே தள்ளித் தையல் போட வேண்டியிருக்கும். முக்க வைத்தது எது என்று அப்புறம் தேடுங்கள்: மலச்சிக்கல், விடாத கழிச்சல், விடாத இருமல், பூஞ்சை பிடித்த மக்காச்சோளம்.

அறிகுறி 10: நன்றாகத் தின்கிறது, தேறவே இல்லை

வயிறு மட்டும் பானையாக, முதுகெலும்பு தெரிந்து, ரோமம் சொரசொரப்பாக இருந்தால் குடற்புழு. குட்டிகளுக்கு இரண்டு மாத வயதையொட்டியும், தாய்க்கு ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பும் மருந்து கொடுங்கள். சினைக்கு ஏற்ற மருந்தா என்று கேட்டே வாங்குங்கள்.

மருந்து கொடுத்தும் தேறவில்லை என்றால் தீவனத்தில் புரதம் இல்லை. வெறும் சோறும் தவிடும் தின்ற பன்றிக்குச் சதை பிடிக்காது. குட்டிக்கு 20 சதவீதத்துக்கு மேல், வளரும் பன்றிக்கு 18, முதிர்ந்ததற்கு 16 என்ற அளவில் புரதம் வேண்டும். கடலைப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு, தாது உப்புக் கலவை சேருங்கள். பருத்திக் கொட்டைப் புண்ணாக்கு மலிவென்று போடாதீர்கள், அதிலுள்ள நச்சு பன்றிக்கு ஆகாது. வறுக்காத பச்சைச் சோயாவும் செரிக்காது. யூரியா கலந்த மாட்டுத் தீவனம் பன்றித் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

கழிவைக் கொதிக்க வைப்பது பற்றி

கொதி வந்த பிறகு, கிளறிக்கொண்டே அரை மணி நேரம். ஓரத்தில் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்தால் நடுவில் இருக்கும் கறித்துண்டு வேகாமலே இருக்கும். பன்றிக் காய்ச்சல்கள் பச்சைப் பன்றிக் கறிக் கழிவு வழியாகத்தான் எளிதாக உள்ளே நுழைகின்றன. கொதிக்காததை எடுக்கும் வாளியையும் கொதித்ததை ஊற்றும் வாளியையும் வேறு நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கலக்கவே கலக்காதீர்கள்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

எத்தனை உருப்படியில் எத்தனைக்கு, அவற்றின் வயது, எப்போது தொடங்கியது, காலை மாலைக் காய்ச்சல், சாணத்தின் நிறம் (செல்போனில் படம் எடுத்து வையுங்கள்), மூன்று நாள் தீவனம், இதுவரை போட்ட மருந்துகளின் பெயர், கடைசியாகத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் போட்ட தேதி. போட்ட மருந்தை மறைக்காதீர்கள். ஊசி போட்டபின் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பன்றி செத்துக் கிடந்தால்

மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் வழிந்திருந்தால் அறுத்துப் பார்க்க வேண்டாம், தொடவும் வேண்டாம். சுற்றிச் சுண்ணாம்பு தூவிவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். அவர் பார்த்து முடித்ததும், கிணற்றையும் ஓடையையும் விட்டுத் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். இழுத்து வந்த கயிறு, மூடிய சாக்கு, கிடந்த இடத்து வைக்கோல் எல்லாவற்றையும் அதே குழியில் போட்டுவிடுங்கள். மேலே முள் வெட்டிப் போட்டால் நாயும் நரியும் அண்டாது.